எந்த மாடி, எந்தப் பக்கம்?

செல்போன் டவரைப் பற்றி யாராவது கவலையோடு பேச ஆரம்பித்தால் நான் இப்போதெல்லாம் இரண்டு கேள்விதான் கேட்கிறேன். உங்கள் வீடு எந்த மாடி? ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது? எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். எங்கள் தெருவில் இந்த விவகாரம் வெகுநாள் ஓடியது. அடுக்ககச் சங்கத்தின் பொருளாளர் நான் என்பதால் கடிதம் எழுதுவது, கட்டணம் கட்டுவது, அளக்க வந்தவர்களோடு மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி இறங்குவது எல்லாம் என் தலையில் விழுந்தது. இதே தலைவலி வேறு தெருக்காரர்களுக்கும் வரும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

இடம் சென்னை, மடிப்பாக்கம். முப்பது அடித் தெரு. எங்களுடையது கார் நிறுத்துமிடத்துக்கு மேல் மூன்று மாடி. எதிரே நான்கு மாடி. அந்த எதிர்க் கட்டடத்தின் மொட்டை மாடியில்தான் கம்பம் நட்டு ஆன்டெனா மாட்டினார்கள். தெருமுனையில் புதிதாக எழும்பிய ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

கம்பம் நட்ட அன்றே வாட்ஸ்அப் குழு கொதித்தது. புற்றுநோய், கருச்சிதைவு, சிட்டுக்குருவி, மாடித் தோட்டத்துத் தக்காளி காய்க்காதது, எல்லாப் பழியும் ஒரே கம்பத்தின் மேல். "கையெழுத்து வாங்கி கலெக்டர்கிட்ட போவோம் சார்" என்றார் ஒருவர். "வீட்டுக்குள்ள சிக்னலே வரலைன்னு போன மாசம் கத்தினதும் நீங்கதானே சார்?" என்று இன்னொருவர் கேட்டதும் குழு கொஞ்ச நேரம் அமைதியானது. அளந்து பார்க்காமல் கையெழுத்து வேட்டை வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, டவர் கம்பெனியிடம் நான் பணம் வாங்கிவிட்டதாகக்கூட ஒரு பேச்சு வந்தது. போகட்டும்.

முதலில் ஆன்டெனா எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். இது புரியாமல் மற்றது எதுவும் புரியாது. கம்பத்தில் தொங்கும் நீளமான வெள்ளைப் பட்டைகள்தான் ஆன்டெனா. பெரும்பாலும் மூன்று திசைக்கு மூன்று. ஒவ்வொன்றும் பக்கவாட்டில் சுமார் 65 டிகிரி அகலத்துக்கு அலையை விரிக்கும். மேலும் கீழுமாகப் பார்த்தால் அந்தக் கற்றை வெறும் ஏழெட்டு டிகிரிதான். அதாவது அலை முழுக்கத் தட்டையான விசிறிபோல் முன்பக்கம் போகிறது. அதையும் சில டிகிரி மட்டும் தரையை நோக்கிச் சாய்த்து வைப்பார்கள். முப்பது மீட்டர் உயரத்தில் ஆறு டிகிரி சாய்ந்திருக்கும் ஆன்டெனாவின் கற்றை தரையைத் தொடும்போது கிட்டத்தட்ட 285 மீட்டர் தாண்டியிருக்கும். விளக்கின் அடியில் இருட்டு என்று நம் ஊரில் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும். ஆன்டெனாவுக்கு நேர் கீழே குடியிருப்பவருக்கு வருவது சிதறல்தான். அதிலும் பெரும்பகுதியைக் கான்கிரீட் தளம் தடுத்துவிடும்.

ஒரு அலைவரிசைக்கு 20 வாட் ஆன்டெனாவுக்குள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு திசையில் குவிப்பதால் கற்றைக்குள் நிற்பவருக்கு அது ஆயிரம் வாட் எல்லாத் திசையிலும் பரவியது போன்ற விளைவைத் தரும். அந்தக் கணக்கில் 50 மீட்டர் தூரத்தில், கற்றைக்கு நேரே, சதுர மீட்டருக்கு 32 மில்லிவாட் வரும். 100 மீட்டரில் 8. தூரம் இரட்டித்தால் அளவு கால்வாசியாகிறது. ஒரே கம்பத்தில் பல அலைவரிசை, சில சமயம் இரண்டு மூன்று நிறுவனங்கள்கூட இருக்கும். எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதற்கு வரம்பு என்ன? அயனியாக்காத கதிர்வீச்சுக்கான பன்னாட்டு ஆணையம் 1998-இல் வகுத்த அளவுப்படி பொதுமக்களுக்கு 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 4.5 வாட், 1800-இல் 9 வாட். இந்தியா 2008-இல் அதை ஏற்றுக்கொண்டு, பிறகு 2012 செப்டம்பர் 1 முதல் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900-க்கு 450 மில்லிவாட், 1800-க்கு 900. எங்கள் குழுவில் "வெளிநாட்டில் கடுமையான சட்டம், இங்கே கேட்பாரில்லை" என்று வந்த செய்திக்கு நான் அனுப்பிய பதில் இதுதான். பன்னாட்டு அளவை அப்படியே வைத்திருக்கும் நாடுகள் நிறைய. வரம்பைத் தாளில் எழுதுவது வேறு, கடைப்பிடிப்பது வேறு என்று உடனே மறுமொழி வந்தது. நியாயமான கேள்வி. நிறுவனங்கள் தாங்களே சான்று கொடுக்கின்றன. தொலைத்தொடர்புத் துறையின் கள அலுவலகங்கள் பத்து சதவீதம் வரையிலான நிலையங்களைத் தாங்களாகப் பொறுக்கி அளக்கின்றன. மீதியை நாம் கேட்டால்தான் அளப்பார்கள்.

கேட்பதற்கு வழி இருக்கிறது. 2017 மே மாதம் தொடங்கிய தரங் சஞ்சார் என்ற அரசு இணையதளத்தில் நம் இடத்தைத் தேடினால் சுற்றியுள்ள டவர்கள் வரைபடத்தில் தெரியும். 4,000 ரூபாய் கட்டி நாம் சொல்லும் இடத்தில் அளக்கச் சொல்லலாம். சங்கப் பணத்தில் கட்டினோம். அதற்கும் ஒருவர் எதிர்ப்பு. ஆன்லைனில் கிடைக்கும் மலிவு மீட்டர் ஒன்றை ஏற்கெனவே ஒரு தம்பி வாங்கி வந்து வீடு வீடாகக் காட்டிக்கொண்டிருந்தான். சிவப்பு விளக்கு எரியும், பார்த்தவர்கள் பயந்துபோவார்கள். அந்த மீட்டர் கண நேர உச்சத்தைக் காட்டுகிறது; வரம்போ ஆறு நிமிடச் சராசரிக்கு. போதாக்குறைக்கு அவன் சட்டைப்பையிலேயே போன் இருந்தது, இரண்டடியில் வைஃபை பெட்டி. போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, வைஃபையை அணைத்துவிட்டுப் பார் என்றேன். சிவப்பு மஞ்சளானது. அந்த மாதிரி மீட்டரை முழுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் எந்த மூலையில் கூடுதல், எதில் குறைவு என்று ஒப்பிட உதவும். அதில் காட்டும் எண்ணை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போக முடியாது.

அளக்க வருகிறார்கள் என்றால் நாம் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று உண்டு. எங்கே அளக்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து, எழுதிக் கொடுப்பது. விட்டுவிட்டால் தெருவில் ஒரு இடம், டவரின் வாசலில் ஒரு இடம் என்று முடிந்துபோகும். அங்கே எப்படியும் குறைவாகத்தான் வரும். நான் காகிதத்தில் ஒரு பக்கவாட்டுப் படம் வரைந்து, ஆன்டெனா உயரத்திலிருந்து கோடு இழுத்து, அந்தக் கோடு எந்த ஜன்னலில் போய் மோதுகிறது என்று பார்த்தேன். எங்கள் கட்டடத்துக்கு மேலேயே போய்விடுகிறது. போய் இடிப்பது தெருமுனை ஐந்து மாடிக் கட்டடத்தின் மேல்தளம். அந்தக் கட்டடத்திலிருந்து ஒரு புகார்கூட வந்ததில்லை. டவர் அவர்களுக்குத் தூரத்தில் இருக்கிறதே!

முக்காலியில் உருண்டைத் தலை வைத்த கருவியோடு வந்தார்கள். பொறுமையானவர்கள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். டவர் இருக்கும் கட்டடத்தின் மேல்மாடி வீட்டில் சதுர மீட்டருக்கு ஒரு மில்லிவாட்கூட இல்லை. எங்கள் மூன்றாம் மாடி பால்கனியில் எட்டு போல. அதே வீட்டின் ஹாலுக்குள் இரண்டுக்கும் கீழே. எங்கள் மொட்டை மாடியில் இருபது சொச்சம். தெருமுனை ஐந்தாம் மாடி பால்கனியில் அறுபதை ஒட்டி. அதாவது எதிரே இருந்து கொண்டு அலறிய எங்களைவிட, எண்பது மீட்டர் தள்ளி நிம்மதியாக இருந்தவர்களுக்கு ஏழெட்டு மடங்கு. அதுவும் வரம்பில் ஏழில் ஒரு பங்குதான். பகலில் அளந்தது, ராத்திரி எட்டு மணிக்கு எல்லாரும் வீடியோ பார்க்கும்போது ஏறாதா என்று கேட்டேன். ஏறும் என்றார்கள். இரண்டு மூன்று மடங்கு ஏறினாலும் எங்கள் தெரு வரம்பைத் தொடாது.

முன்னால் இருக்கும் கட்டடத்துக்கு எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு 2013-இல் அனுப்பிய வழிகாட்டுதலில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு ஆன்டெனா என்றால் 20 மீட்டர், இரண்டு என்றால் 35, ஆறுக்கு 55, பன்னிரண்டுக்கு 75. "நமக்குப் பதினைஞ்சு மீட்டர்தான் சார் இருக்கு, விதிமீறல்!" என்று அதை ஒருவர் கொண்டுவந்தார். பட்டியல் சொல்வது ஆன்டெனாவுக்கு நேர் எதிரில், அதே உயரத்தில் இருக்கும் கட்டடத்தை. எங்கள் கட்டடம் அதற்குப் பல மீட்டர் கீழே. உங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேரே, கண்மட்டத்தில், அந்தத் தூரத்துக்குள் வெள்ளைப் பட்டையின் முகம் தெரிகிறதென்றால் யோசிக்காமல் அளக்கச் சொல்லுங்கள். பட்டையின் முதுகோ அடிப்பக்கமோ தெரிந்தால் அவ்வளவு அவசரமில்லை.

சரி, வரம்புக்குள் இருந்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாதா? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதம் இந்த அலைகளை 2பி வகையில், அதாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயப் பட்டியலில் வைத்தது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது இந்தப் பாதிதான். அந்த முடிவுக்கு அடிப்படை, போனைக் காதில் வைத்து மிக அதிகமாகப் பேசியவர்களிடம் எடுத்த ஆய்வுகள். டவர்போலத் தூரத்திலிருந்து வரும் அலைகளைப் பற்றி முடிவு சொல்லச் சான்று போதாது என்றது அதே குழு. 2018-இல் அமெரிக்காவில் எலிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகள் வந்தன. அவற்றின் உடம்பு முழுக்கக் கொடுத்த அளவு டவரிலிருந்து நமக்கு வருவதைவிடப் பல மடங்கு. 2024-இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டு வெளியான தொகுப்பாய்வு, போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. நீதிமன்றங்கள் இரண்டு பக்கமும் போயிருக்கின்றன. 2012-இல் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை வளாகங்களிலிருந்து டவர்களை அகற்றச் சொன்னது. 2017-இல் குவாலியரில் புற்றுநோய் வந்த ஒரு வீட்டுப் பணியாளரின் மனுவில் ஒரு டவரை நிறுத்தும்படி உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. 2021-இல் 5ஜிக்கு எதிராக நடிகை ஜூஹி சாவ்லா போட்ட வழக்கை டெல்லி உயர்நீதிமன்றம் அபராதத்தோடு தள்ளியது. தீர்ப்பை வைத்து அறிவியலை முடிவு செய்யக் கூடாது என்பது என் கட்சி, அது நமக்குச் சாதகமாக இருந்தாலும்.

எதிர் வீட்டு மாமிக்கு டவர் வந்ததிலிருந்து தூக்கமில்லை. இதை நான் பொய் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அலை போகிறதா நின்றுவிட்டதா என்று தெரியாமல் வைத்துச் செய்த சோதனைகளில், அலையால் உடம்பு படுத்துகிறது என்று சொல்பவர்களால் இருப்பதையும் இல்லாததையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அறிகுறிகள் மட்டும் உண்மை. இதை உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே சொல்லிவிட்டது. அப்படியானால் மாமிக்கு என்ன? ஒரு ராத்திரி அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது. கரண்ட் போனால் டவரின் டீசல் ஜெனரேட்டர் மாமியின் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே உறுமுகிறது. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல்தான் அனுமதி. ஜெனரேட்டரிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்றும் விதி இருக்கிறது. கதிர்வீச்சு என்று எழுதிய கடிதத்துக்கெல்லாம் வராத பதில், சத்தம், டீசல் புகை என்று எழுதியதும் வந்தது. ஒலித்தடுப்புக் கூண்டு போட்டு, இயந்திரத்தை மறுபக்கம் மாற்றினார்கள். டவர் விவகாரத்தில் ஜெயிக்கக்கூடிய புகார் எது என்று பார்த்து அதை முதலில் எழுதுங்கள்.

போனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் தலைக்குள் போகும் அலையில் பெரும்பங்கு அங்கிருந்துதான். 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட்தான் வீசும். ஆனால் காதிலிருந்து அரை விரல் தூரத்தில். பால்கனியில் டவரால் வருவதைவிடத் தலையின் அந்தப் பக்கத்துக்குப் பல நூறு மடங்கு கிடைக்கலாம். அதோடு போன் தன் சக்தியைத் தானே கூட்டிக் குறைக்கும்: சிக்னல் நன்றாக இருந்தால் முணுமுணுக்கும், இல்லாவிட்டால் கத்தும். டவரைத் தூரத் தள்ளினால் நம் கைபேசிதான் கத்தப் போகிறது. போன் அமைப்புகளில் சிக்னல் அளவு எதிர்மறை எண்ணாக இருக்கும். மைனஸ் 70 நல்ல இடம், மைனஸ் 110 மோசமான இடம். ஒவ்வொரு பத்துக்கும் பத்து மடங்கு என்பதால், இந்த நாற்பதுக்குள் இருக்கும் வித்தியாசம் பத்தாயிரம் மடங்கு. லிப்ட்டிலும் அடித்தளத்திலும் பேசாமல் இருப்பது, நீளமான பேச்சுக்கு இயர்போனோ ஸ்பீக்கரோ வைப்பது, தலையணைக்கடியில் போன் வைக்காமல் இருப்பது, இவைதான் செலவில்லாத காரியங்கள். *#07# என்று அழுத்தினால் உங்கள் போனின் எஸ்ஏஆர், அதாவது போன் அலையை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும் அளவு தெரியும். இந்திய வரம்பு கிலோவுக்கு 1.6 வாட்.

நடுவில் எங்கள் மொட்டை மாடிக்கே ஒரு கம்பெனி வந்தது. நல்ல வாடகை. எதிர் டவரை எதிர்த்தவர்களில் சிலரே பராமரிப்புத் தொகை குறையுமே என்று சபலப்பட்டார்கள். ஒப்பந்த வரைவைப் படித்தபோது கதிர்வீச்சைவிடக் கவலை தரும் வரிகள் நிறைய இருந்தன. பல வருடத்துக்கு நாம் வெளியேற்ற முடியாது, அவர்கள் மட்டும் நோட்டீஸ் கொடுத்துப் போகலாம். வேறு நிறுவனங்களின் ஆன்டெனாவையும் அதே கம்பத்தில் ஏற்றிக்கொள்ளலாம், வாடகை ஏறாது. இருபத்துநாலு மணி நேரமும் ஆள் வந்து போகலாம். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பிய்ந்தால் யார் பொறுப்பு என்று ஒரு வரி இல்லை. சென்னைக்குக் கட்டட விதிப்படி அடிப்படைக் காற்று வேகமே நொடிக்கு 50 மீட்டர். வர்தா புயலைப் பார்த்தவர்கள் நாம். கட்டமைப்புப் பொறியாளரின் சான்று, நாம் அமர்த்தியவரிடமிருந்து, இல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது. மொட்டை மாடி, யூடிஎஸ் (மனையில் பிரிக்கப்படாத பங்கு) வைத்திருக்கும் எல்லாருக்கும் பொது. வெளியூரில் இருப்பவர் உட்பட அத்தனை உரிமையாளர் ஒப்புதலும் வேண்டும். ஆன்டெனா நிறைய இருந்தால் மாடிப் பயன்பாட்டையே தடுக்கச் சொல்கிறது அரசு வழிகாட்டுதல். துணி எங்கே காயவைப்பது என்று பெண்கள் கேட்டதோடு விஷயம் முடிந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். (டவர் வைக்க இடம் கொடுங்கள், முன்பணம் கட்டுங்கள் என்று குறுஞ்செய்தி வந்தால் அது நூற்றுக்கு நூறு மோசடி. எந்த அரசுத் துறையும் இதற்குத் தடையில்லாச் சான்று கொடுத்துக் காசு வாங்குவதில்லை.)

அளந்த அன்று வரம்பைத் தாண்டிய இடம் ஒன்றே ஒன்று. டவர் இருக்கும் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி மேடை. ஒரு ஆன்டெனாவின் முகம் அந்த மேடையைப் பார்த்து, மூன்று மீட்டர்கூட இல்லாத தூரத்தில். கருவியை அங்கே நீட்டியதும் இந்திய வரம்பைத் தாண்டிச் சில மடங்கு காட்டியது. தொழிலாளர்களுக்கான பன்னாட்டு வரம்பு பொதுமக்களுக்கானதைப் போல ஐந்து மடங்கு, அதைத் தொடவில்லை. பொதுமக்கள் போகாத இடம்தானே என்றார் நிறுவனத்தின் ஆள். தொட்டி கழுவ வருபவர் யார் என்று கேட்டேன். தொழிலாளர் வரம்பு, அலை இருக்கிறது என்று தெரிந்த, பயிற்சி பெற்ற ஆளுக்கு. தொட்டி கழுவுபவருக்கு அந்தப் பட்டை என்னவென்றே தெரியாது. அரை மணி நேரம் அதற்கு முன்னால் குனிந்து நிற்பார். இத்தனை நாள் நாங்கள் எழுதிய எந்தக் கடிதத்திலும் அவர் இல்லை.

அந்த ஒரு புள்ளியை மட்டும் வைத்து அந்தக் கட்டடத்துக்காரர்களும் நாங்களும் சேர்ந்து எழுதினோம். கம்பத்தை உயர்த்தி ஆன்டெனாவைத் தொட்டி மட்டத்துக்கு மேலே கொண்டுபோனார்கள். மாடிக் கதவுக்குப் பூட்டு, தமிழில் எச்சரிக்கைப் பலகை, மேடையில் வேலை செய்வதற்கு முன் கூப்பிட்டால் அந்தத் திசையை அணைத்துவைக்க ஒரு தொலைபேசி எண். பெயின்டர், டிஷ் மாட்டுபவர், சோலார் பலகை துடைப்பவர் யார் ஏறினாலும் இது பொருந்தும். வாட்ச்மேன் மாறும்போதெல்லாம் அந்த எண் காணாமல் போய்விடுகிறது. அதனால் அதை தொட்டி கழுவும் பில்லிலேயே அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். போன தடவை வந்தவர் ஏறுவதற்கு முன் அவரே கூப்பிட்டார்.